அக்காளுக்க கல்

சென்ற மாதம் ஊருக்குப் போயிருந்தபோது டேப்பை எடுத்துக்கொண்டு போய் அந்தக் கல்லை அளந்தேன். கட்டட வேலை மேற்பார்வையில் 25 வருடம் ஓட்டியவன் நான். எதையும் கண்ணால் பார்த்தால் மட்டும் போதாது, அளந்தால்தான் மனசு ஆறும். தார் ரோட்டின் விளிம்பிலிருந்து மேல்கல்லின் முதுகு வரை 3 அடி 1 அங்குலம். என் இடுப்புக்கு அல்பம் மேலே. அதன்மேல் யாரோ ஹெல்மெட்டைக் கழற்றி வைத்துவிட்டு எதிர்க் கடையில் டீ குடித்துக்கொண்டிருந்தார். டேப்பைப் பார்த்ததும் கிளாஸோடு ஓடி வந்தார்.

"என்ன சார், ரோடு அகலப்படுத்தப் போறாங்களா?"

எங்கள் கன்னியாகுமரி மாவட்டத்துப் பக்கம் ரோட்டோரத்தில் ஒருவன் டேப்போடு நின்றால் அதற்கு வேறு அர்த்தமே கிடையாது. இல்லை, சும்மாதான் என்றேன். "அப்போ சரி" என்று மறுபடி டீக்குப் போய்விட்டார்.

எனக்கு நினைவு தெரிந்த காலத்தில் அந்த மேல்கல் பாட்டியின் உச்சந்தலைக்குச் சரியாக இருந்தது. பாட்டி நாலடி பத்தங்குலம் இருப்பாள். அப்படியானால் ஒன்றே முக்கால் அடி எங்கே போயிற்று? கல் தாழவில்லை, ரோடுதான் ஏறியிருக்கிறது. பஞ்சாயத்து போட்ட சரல், அதன்மேல் மெட்டல், அதன்மேல் தார், பழைய தாரைச் சுரண்டாமல் அதன்மேலேயே புதுத் தார். அப்புறம் குடிதண்ணீர்க் குழாய்க்குத் தோண்டி மூடியது. ஐம்பது வருடத்தில் சேர்ந்தது இது. ஒரு மேற்பார்வையாளனாக எனக்கு இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. பேரனாகத்தான் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றேன்.

அது சுமைதாங்கிக் கல். பஸ்ஸுக்குக் காத்திருக்கிறவர்கள் உட்காரப் போட்ட பெஞ்சு என்று என் மகள் நினைத்திருந்தாள். அவளைக் குறை சொல்ல முடியாது, இப்போது அதில் உட்காரத்தான் செய்கிறார்கள். இரண்டு கருங்கல்லை ஆள் உயரத்துக்கு நட்டு, மேலே குறுக்காக ஒரு கல்லைக் கிடத்தினால் சுமைதாங்கி. தலைச்சுமையோடு தனியாக நடந்து பார்த்தவர்களுக்குத் தெரியும், சுமக்கிறதைவிட இறக்குகிறதுதான் பாடு. தரையில் இறக்கிவிட்டால் திரும்பத் தலையில் ஏற்றிவிட ஒரு ஆள் வேண்டும். ஆள் வருகிறவரை வழியில் நின்றுகொண்டிருக்க வேண்டியதுதான். மேல்கல் தலை மட்டத்தில் இருந்தால் யாரையும் எதிர்பார்க்க வேண்டாம். ஒட்டிப் போய் நின்று, முட்டைக் கொஞ்சம் மடக்கி, சுமையைக் கல்லுக்குத் தள்ளிவிடலாம். மூச்சு வாங்கி, முகம் துடைத்து, சும்மாட்டை உதறிச் சுருட்டி வைத்துக்கொண்டு தலையைக் கொடுத்தால் சுமை தானாக வந்து ஏறிக்கொள்ளும்.

திருவிதாங்கூர் காலத்து வழிகளில் வழியம்பலம், கிணறு, மாடு தண்ணீர் குடிக்கக் கல்தொட்டி, இவற்றோடு சுமைதாங்கியும் இருக்கும். மலையாளத்தில் அத்தாணி என்பார்கள். கேரளத்தில் அந்தப் பெயரிலேயே ஊர்கள் இருக்கின்றன. புண்ணியத்துக்காக வைத்த கற்களும் உண்டு. ஆனால் பெரும்பாலும் வயிற்றில் பிள்ளையோடு செத்துப்போன பெண்ணுக்காகத்தான் அதை நட்டார்கள். இறக்காத சுமையோடு போனவள் அவள். வழியில் போகிற ஒவ்வொருத்தரும் சுமையை இறக்கி வைக்கும்போது அவளுக்கும் கொஞ்சம் இறங்கும் என்று நம்பிக்கை.

எங்கள் கல்லின் ஒரு காலில் எழுத்து வெட்டியிருக்கிறது. கீழ்வரி இப்போது சரலுக்குள் போய்விட்டது. மேல்வரியில் "1110 ஆடி" என்று இருக்கும். அது கொல்லம் ஆண்டு. ஆவணி ஒன்றாம் தேதி பிறக்கிற ஆண்டு என்பதால் ஆடி அதன் கடைசி மாதம், ஆங்கிலக் கணக்குக்கு 825 கூட்டிக்கொள்ள வேண்டும். 1935. 1956 நவம்பர் 1-ஆம் தேதி தமிழ்நாட்டோடு சேர்கிறவரை நாங்கள் அப்படித்தான் வருடம் எண்ணியிருக்கிறோம். இன்றைக்கும் எந்த வீட்டிலாவது பழைய ஆதாரத்தை, அதாவது சொத்துப் பத்திரத்தை, விரித்தால் கொல்லம் ஆண்டுதான் முதலில் கண்ணில் படும்.

சரலுக்குள் போன கீழ்வரியில் பெயர் இருக்கிறது. எனக்கு அது தெரியும். இங்கே எழுத வேண்டாம் என்று அம்மா சொல்லிவிட்டாள். "இவ்வளவு காலம் கழிஞ்சு அவள எதுக்கு ஊரறியச் செய்யணும்?" ரோட்டோரத்தில் கல்லில் வெட்டி வைத்திருக்கிறதை நான் எழுதினால் என்ன என்று கேட்டேன். "அது வழியில போறவனுக்கு. இது யாருக்கு?" என்றாள். பதில் சொல்லத் தெரியவில்லை.

அம்மா அவளைப் பெரியம்மை என்பாள். பாட்டியின் அக்கா, ஆகவே பெரியம்மை. 78 வயதான என் அம்மா, 17 வயதில் செத்த ஒரு பெண்ணைப் பெரியம்மை என்று கூப்பிடுவதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு ஒரு மாதிரி இருக்கும். என் மகளுக்கே 19 ஆகிறது.

பாட்டாவின் முதல் மனைவி அவள். அவள் போன பிறகு அவள் தங்கையை, அதாவது பாட்டியை, பாட்டாவுக்குக் கட்டி வைத்தார்கள். அந்தக் காலத்தில் இது ஒன்றும் பெரிய விஷயமில்லை. பிள்ளை இருந்தால் பிள்ளைக்காக, இல்லாவிட்டால் உறவு அறுந்து போகாமலிருக்க. பாட்டி கடைசிவரை பாட்டாவை அத்தான் என்றுதான் கூப்பிட்டாள். எங்கள் பக்கம் புருஷனை அப்படிக் கூப்பிடுகிறவர்கள் உண்டு, அதனால் சின்ன வயதில் அதில் ஒன்றும் தோன்றியதில்லை. அக்காளின் புருஷனைப் பதினொரு வயதுப் பெண் கூப்பிட்ட அத்தான் அது, கல்யாணத்துக்குப் பிறகும் மாற்றவில்லை, அவ்வளவுதான் என்று பிறகு விளங்கியது.

பெரியம்மையின் வாழ்க்கை என்று எனக்குத் தெரிந்தது ஒரு கை விரலுக்குள் அடங்கும். பனையோலையில் பெட்டி முடைவாள், நெருக்கமாக முடைவாள். "அவ முடைஞ்ச பெட்டியில தண்ணி கோரலாம்." மாடு என்றால் பயம், கன்றுக்குட்டி ஓடி வந்தால்கூட மதில்மேல் ஏறி நிற்பாள். புளியை உப்பு வைத்து இடித்து, ஈர்க்கில் குத்தி, தங்கைக்குத் தராமல் தின்பாள். இந்தக் கடைசிக் குற்றச்சாட்டைப் பாட்டி எண்பது வயதிலும் அதே சூட்டோடு சொல்வாள். பதினைந்தில் கல்யாணம். இரண்டு ஊர் தள்ளித்தான் கொடுத்தார்கள். இரண்டு ஊருக்கும் சந்தைக்குப் போகிற வழி ஒன்றே. கல்யாணம் ஆகி ஒன்றரை வருடத்தில் பிள்ளை உண்டானது. ஏழாம் மாதம் அழைத்துக்கொண்டு வந்து தாய்வீட்டில் இருத்தினார்கள்.

இதற்குப் பிறகு நடந்ததைப் பாட்டி பல தடவை சொல்லியிருக்கிறாள். ஒவ்வொரு தடவையும் மிஞ்சியில்தான், அந்தக் கால்விரல் மெட்டியில்தான் தொடங்குவாள்.

எட்டாம் மாதக் கடைசியில் பெரியம்மைக்குக் கால் வீங்கியது. பிள்ளைத்தாய்ச்சிக்குக் கால் வீங்குவது சகஜம்தானே, யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பெண்பிள்ளை என்றார்கள், நீர் இறங்குகிறது என்றார்கள். பார்லிக் கஞ்சி கொடுத்தார்கள். ஆனால் வீக்கம் நாளுக்கு நாள் ஏறியது. "வெரல வச்சு அமுக்குனா குழி விழும் மக்கா. அந்தக் குழி அப்பிடியே கெடக்கும், எழும்பாது. நான் அவ கால்ல குழி போட்டு வெளையாடுவேன். பதிமூணு வயசு. எனக்கு என்ன தெரியும்?" இரண்டு விரலிலும் வெள்ளி மிஞ்சி சதைக்குள் புதைந்துபோனது. சோப்பு போட்டுப் பார்த்தார்கள், எண்ணெய் போட்டுப் பார்த்தார்கள், நூல் சுற்றிப் பார்த்தார்கள். கடைசியில் தட்டானை வீட்டுக்குக் கூப்பிட்டு வந்து கத்திரித்து எடுத்தார்கள். சுமங்கலியின் மிஞ்சியை வெட்டலாமா என்று வீட்டில் பெரிய பேச்சு நடந்திருக்கிறது. வெட்டிய பிறகு நடந்ததையெல்லாம் அந்த வெட்டின்மேல் ஏற்றிப் பேசுவதற்கு ஊரில் ஆள் இருந்தது.

வெட்டிய மிஞ்சியில் ஒன்றைப் பாட்டி தன் சுருக்குப்பையில் வைத்திருந்தாள். வெற்றிலைக் காம்பும் புகையிலைத் தூளும் ஒட்டிக்கொண்டு கறுத்துப் போயிருக்கும். மூன்று சுற்று மிஞ்சி. வெட்டின இடம் மட்டும் நெளிந்து, கூராக, இரண்டு முனையும் ஒன்றையொன்று பார்க்காமல் விலகி நிற்கும். சின்ன வயதில் அதை விரலில் மாட்டப் போய்க் கீறிக்கொண்டு நான் அடி வாங்கியிருக்கிறேன்.

மிஞ்சி வெட்டி ஒரு வாரம். ஆடி மாதம், சாரல் விட்டு விட்டுப் பெய்துகொண்டிருந்தது. ராத்திரி பெரியம்மை தலை வெட்டிப் பிளக்கிறது என்றாள். சுக்கு அரைத்துப் பற்றுப் போட்டார்கள். விடியக்காலம் எழுந்து உட்கார்ந்து, "கண்ணுக்கு முன்னால மின்மினி பறக்குது" என்றாள். தங்கையும் கூடவே எழுந்து, வீட்டுக்குள் எங்கே மின்மினி என்று தேடியிருக்கிறாள். கொஞ்ச நேரத்தில் வெட்டு, அதாவது வலிப்பு வந்தது. கையும் காலும் விறைத்து இழுத்து, நாக்கு கடிபட்டு, வாயில் ரத்த நுரை.

வெட்டைப் பார்த்ததும் வீட்டார் சொன்னது, இசக்கி பிடித்துவிட்டாள். எங்கள் மாவட்டத்துக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டாம். மற்றவர்களுக்காக: முப்பந்தல் இசக்கியம்மன் எல்லோருக்கும் தெரிந்த கோயில். அது போக ஊருக்கு ஊர், விளைக்கு விளை இசக்கி உண்டு. கையில் பிள்ளையோடு நிற்பாள். பிள்ளை வேண்டுகிறவர்களுக்குக் கொடுப்பவளும் அவள்தான், கோபம் வந்தால் பிள்ளைத்தாய்ச்சியைப் பிடிப்பவளும் அவள்தான். மந்திரவாதியைக் கூப்பிட ஆள் போயிற்று. அவர் வந்து களம் எழுதி, ஓதி, நீர் தெளித்து, உச்சிக்கு மேல் ஆகிவிட்டது. அதற்குள் இன்னும் மூன்று முறை வெட்டு. கண் திறக்கவில்லை. அதன் பிறகுதான் நெய்யூர் என்ற பேச்சு வந்தது.

நெய்யூர் ஆஸ்பத்திரி 1838-இல் ராம்சே என்ற மிஷன் டாக்டர் தொடங்கியது. பெரியம்மை காலத்தில் அங்கே சாமர்வெல் டாக்டரின் பெயர் பெரிய பெயர். 1922-இலும் 1924-இலும் எவரெஸ்ட் ஏறப் போன அதே சாமர்வெல்தான். நெய்யூருக்குக் கொண்டு சேர்த்துவிட்டால் பிழைத்துக்கொள்ளும் என்று எங்கள் பக்கத்தில் ஒரு நம்பிக்கை இருந்தது. ஆனால் அந்த நம்பிக்கை எப்போதும் கடைசியாகத்தான் வரும். முதலில் கைவைத்தியம், அப்புறம் மந்திரம், அப்புறம் நெய்யூர்.

ஊரிலிருந்து ஏழு மைல். வண்டியில் போட்டால் குலுங்கி வெட்டு கூடும் என்று கட்டிலைக் கவிழ்த்துக் கயிறு கட்டி, உள்ளே ஓலைப்பாயும் சேலையும் விரித்து, மூங்கில் கொடுத்து, நாலு பேர் தோளில் தூக்கினார்கள். நாலு பேரில் பாட்டா ஒருத்தர். பெண்ணின் அம்மை கூடவே ஓடினாள். பாட்டியை வீட்டில் விட்டுவிட்டார்கள். ஆகவே வழியில் நடந்தது பாட்டி பார்த்ததில்லை, கேட்டதுதான். மழையில் வழுக்கி ஓடைக்கரையில் ஒரு தடவை இறக்கினார்கள். தோள் மாற்ற ஒரு தடவை. வெட்டு வந்து ஒரு தடவை. நாலாவது தடவை, ஒரு மேட்டில் ஏறும்போது, நாலு பேரில் ஒருத்தர் "பாரம் கூடிப்போச்சு" என்றார். கட்டிலை இறக்கினார்கள். நெய்யூருக்கு இன்னும் இரண்டு மைல் இருந்தது.

உயிர் போனால் உடம்பு கனக்கும் என்பது பிணம் தூக்கினவர்கள் எல்லோரும் சொல்கிற பேச்சு. எது எப்படியோ, மூங்கில் தோளில் அழுந்துகிற கணக்கை வைத்து அவர்கள் புரிந்துகொண்டார்கள். "யார் பாட்டி அப்பிடிச் சொன்னது?" என்று நான் ஒவ்வொரு தடவையும் கேட்பேன். "நாலு பேர்ல ஒருத்தர்" என்பாள். பாட்டி போன பிறகு அம்மாதான் சொன்னாள், அது பாட்டா.

திரும்பக் கொண்டு வந்து, பிள்ளையைத் தனியாகவும் தாயைத் தனியாகவும் அடக்கினார்கள். வயிற்றுக்குள் பிள்ளையோடு அடக்கக் கூடாது என்று வழக்கம். அந்த இடம் வந்ததும் பாட்டி வெற்றிலைப் பெட்டியைத் திறப்பாள். அதற்கு மேல் கேட்டதில்லை.

அந்த மந்திரவாதி மேல் எனக்கு ரொம்ப வருடம் கோபம் இருந்தது. ஆள் யாரென்று தெரியாது, எப்போதோ போய்ச் சேர்ந்திருப்பார். இருந்தாலும், அந்த அரைநாள், அந்த உச்சிப்பொழுது என்று மனசுக்குள் கணக்குப் போட்டுக்கொண்டே இருப்பேன். அண்ணன் மகள் அதைக் கலைத்துவிட்டாள்.

அவள் நர்ஸ். எங்கள் மாவட்டத்தில் வீட்டுக்கு ஒரு நர்ஸ் உண்டு என்பார்கள், எங்கள் வீட்டுக்கு அவள். மஸ்கட்டில் பிரசவ வார்டில் வேலை. ஒரு விடுமுறையில் அம்மாவின் பெட்டியைக் குடைந்துகொண்டிருந்தவள் அந்த மிஞ்சியை எடுத்து, "இது ஏன் வெட்டியிருக்கு?" என்றாள். அம்மா சொன்னாள். கால் வீக்கம், குழி, தலைவலி, மின்மினி. வெட்டு என்ற சொல் வருவதற்கு முன்பே அவள் "பிரஷர்" என்று சொல்லிவிட்டாள்.

கர்ப்பத்தில் வருகிற ரத்த அழுத்தம். சிறுநீரில் புரதம் போகும், உடம்பு நீர் கோர்க்கும், முற்றினால் தலைவலி, கண்ணில் பூச்சி பறக்கிற மாதிரி, அப்புறம் வலிப்பு. முதல் பிரசவத்திலும் ரொம்பச் சின்ன வயதிலும் அதிகம் வரும். எக்லாம்ப்சியா என்று பெயர். "மின்மினின்னு சொன்னாங்க பாரு சித்தப்பா, எங்க புத்தகத்துல பத்து வரியில எழுதியிருக்கறத அவங்க ஒரு சொல்லுல சொல்லிட்டாங்க."

மருந்து என்ன என்று கேட்டேன். மக்னீசியம் சல்ஃபேட், முதலில் நாலு கிராம் நரம்பில் ஏற்றுவோம், அப்புறம் பிள்ளையை வெளியே எடுக்க வேண்டும் என்றாள். மக்னீசியம் சல்ஃபேட் என்றால்? பேதியுப்பு. நான் நம்பவில்லை. சின்ன வயதில் மாதம் ஒரு தடவை அப்பா எங்களைக் கிணற்றடியில் வரிசையாக நிறுத்தி வெந்நீரில் கலக்கி வாயில் ஊற்றின அதே கசப்பு உப்பு. சுத்தம் செய்து ஊசியாகப் போட்டால் வலிப்புக்கு அதுதான் மருந்து. 1920களிலேயே அமெரிக்காவில் கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள். ஆனாலும் பல நாட்டு டாக்டர்கள் ஒத்துக்கொள்ள ரொம்ப நாள் ஆயிற்று. 33 நாடுகளில் 10,000-க்கும் மேற்பட்ட கர்ப்பிணிகளிடம் நடத்திய ஆய்வு ஒன்று 2002-இல் வந்தது, வலிப்பு வருகிற ஆபத்து அந்த உப்பால் பாதிக்கும் கீழே குறைந்தது என்று. பெரியம்மை செத்து 67 வருடம் கழித்து.

"அப்போ காலையிலேயே நெய்யூருக்குக் கொண்டுபோயிருந்தா?" என்றேன். அவள் கொஞ்சம் யோசித்தாள். பொய் சொல்லத் தெரியாத பிள்ளை. "அந்தக் காலத்துல, அத்தனை வெட்டு வந்த பிறகு, ஆஸ்பத்திரியில இருந்தாலும் உறுதி கிடையாது சித்தப்பா. மிஞ்சி வெட்டின அன்னைக்குக் கொண்டுபோயிருக்கணும்." ஆக, தவறவிட்டது அந்த அரைநாளை மட்டும் இல்லை, ஒரு வாரத்தை. அந்த வாரம் முழுக்க எல்லோரும் நன்றாகத்தான் கவனித்துக்கொண்டார்கள், பார்லிக் கஞ்சி கொடுத்தார்கள், கால் பிடித்துவிட்டார்கள். ரத்த அழுத்தம் பார்க்கிற பட்டையைக் கையில் சுற்ற ஊரில் ஒரு ஆள் இல்லை. இன்றைக்கு ஆரம்ப சுகாதார நிலையத்தில் கர்ப்பிணி போய் நின்றதும் முதலில் செய்வது அதுதான். 2018-20 கணக்குப்படி தமிழ்நாட்டில் ஒரு லட்சம் உயிருள்ள பிறப்புக்கு 54 தாய்மார் இறக்கிறார்கள், கேரளத்தில் 19. சின்ன எண்தான். 54 வீட்டிலும் ஒரு மிஞ்சி இருக்கும்.

கல்லுக்கு வருகிறேன். சுமைதாங்கி வழக்கமாக ஊர் எல்லையிலோ சந்தை வழியிலோ எல்லோருக்கும் வசதியான இடத்தில் வைப்பார்கள். இது ஊரிலிருந்து ஐந்து மைல் தள்ளி, யாரும் எதிர்பார்க்காத ஒரு மேட்டில் நிற்கிறது. கட்டிலை நாலாவது தடவை இறக்கின இடம். அங்கேதான் வைக்க வேண்டும் என்று பிடிவாதமாக நின்றவள் பெண்ணின் அம்மை, என் பூட்டி. செலவு யார் செய்வது என்று வந்தபோது இரண்டு வீட்டு ஆண்களும் மேலே பார்த்திருக்கிறார்கள். பூட்டி செத்த மகளின் பாம்படத்தை எடுத்துக்கொண்டு நேரே தட்டானிடம் போய்விட்டாள். 28 சக்கரம் ஒரு ரூபாய் என்றிருந்த காலம், விற்ற காசை முந்தானையில் முடிந்துகொண்டு கல்தச்சன் வீட்டுக்குப் போனாளாம். இளையவளை அதே வீட்டுக்குக் கொடுப்பதாகப் பேச்சு அப்போதே தொடங்கியிருந்தது. நகை இளையவளுக்கு ஆகுமே என்று பாட்டாவின் வீட்டார் சொன்னார்கள். "அவ காதுல கெடந்தது இவளுக்கு வேண்டாம்" என்று பூட்டி ஒரே சொல்லில் முடித்துவிட்டாள்.

அதனால் பாட்டி கல்யாணத்தன்று காதில் ஓலைச்சுருள் போட்டுக்கொண்டு நின்றாள். எத்தனை வருடம் கழிந்தும் இது அவளுக்கு ஆறவில்லை. அக்காளை நினைத்து அழுவாள், அடுத்த நிமிஷமே சொல்வாள்: "எனக்க காதுல கெடக்க வேண்டியது ரோட்டுல நிக்குது."

பாட்டி திங்கட்கிழமைதோறும் திங்கள்சந்தைக்குப் போவாள். கருப்பட்டியோ தேங்காயோ கொண்டுபோய் விற்றுவிட்டுக் கருவாடு வாங்கி வருவாள். பள்ளிக்கூடம் இல்லாத திங்கட்கிழமைகளில் நானும் கூடப் போயிருக்கிறேன். 1975, 76 இருக்கும். பஸ் வந்துவிட்டது, ஆனால் சுமைக்கு டிக்கெட் கேட்பான் என்று நடந்தே போவாள். தலையில் கடவப்பெட்டி, வாயில் வெற்றிலை, வழி முழுக்கப் பேச்சு. மேடு தொடங்கியதும் பேச்சு நின்றுவிடும். கல்லை ஒட்டிப் போய் நின்று, இரண்டு கையாலும் பெட்டியின் விளிம்பைப் பிடித்து, கழுத்தை ஒரு பக்கமாகச் சாய்த்துத் தள்ளுவாள். பெட்டியின் அடி கல்லில் உரசுகிற சத்தம் கேட்கும். அப்போது சொல்வாள், "அக்கா, இதக் கொஞ்சம் பிடிச்சுக்கோ."

கும்பிட மாட்டாள். பூவோ விளக்கோ வைத்துப் பார்த்ததில்லை. ஆடி அமாவாசைக்குப் பாட்டா குழித்துறை ஆற்றுக்கு வாவுபலி போடப் போவார், அதெல்லாம் அவர் பாடு. பாட்டிக்கு அந்தக் கல், கையில் வேலை இருக்கும்போது கூப்பிட்டால் வந்து ஒரு கை கொடுக்கிற அக்கா. கல்லின் நிழலில் உட்கார்ந்து வெற்றிலையைத் துப்பிவிட்டு, யார் வீட்டில் என்ன சண்டை, மாடு எத்தனை படி கறக்கிறது, என் அம்மா என்ன திமிர் பிடித்தவள் என்று அக்காளிடம் கோள் சொல்வாள். சிலசமயம், "பதினேழு வயசுல போனவளுக்கு இதெல்லாம் எங்க தெரியப் போவுது" என்று பாதியில் நிறுத்திவிடுவாள். எழுந்து சும்மாட்டை வைத்துக்கொண்டு தலையைக் கொடுப்பாள். "விடு, வாறேன்."

பாட்டாவோடும் அந்த வழியில் போயிருக்கிறேன். தேங்காய்ச் சாக்கு இரண்டு மடங்கு கனம் இருக்கும். மேட்டில் ஏறும்போது அவருக்கு இரைக்கும், கழுத்து நரம்பு புடைக்கும். நிற்க மாட்டார். கல்லைத் தாண்டிக் கீழே இறங்கி, எட்டத்தில் ஒரு புளியமரத்தடியில் சாக்கைத் தரையில் போடுவார். திரும்பத் தலையில் ஏற்ற வழியில் யாராவது வருகிறார்களா என்று பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம். அங்கே கல் இருக்கிறதே பாட்டா என்று ஒரே ஒரு தடவை கேட்டேன். "அது பெண்ணுங்களுக்கு" என்றார்.

அளந்து முடித்து டேப்பைச் சுருட்டிக்கொண்டிருந்தேன். மேட்டுக்குக் கீழேயிருந்து ஒரு மீன்காரம்மா வந்தாள், அலுமினியச் சருவத்தைத் தலையில் வைத்து. இப்போது மீன்காரம்மாக்கள் பெரும்பாலும் ஆட்டோவில்தான் வருகிறார்கள், இவள் நடந்து வந்தாள். அறுபது இருக்கும். கல்லருகே வந்து நின்று, சருவத்தை இரண்டு கையாலும் பிடித்துத் தலையிலிருந்து நெஞ்சுக்கு, நெஞ்சிலிருந்து கல்லுக்கு என்று இறக்கினாள். மீன்தண்ணீர் கல்லில் வழிந்து எழுத்து வெட்டின பக்கமாக ஓடியது. சாளையும் கொஞ்சம் நெத்திலியும் இருந்தன. டீக்கடையில் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு வந்து, சும்மாட்டுத் துணியைப் பிழிந்து சுருட்டித் தலையில் வைத்தாள். சருவத்தை இடுப்பு மட்டத்திலிருந்து தூக்கிப் பார்த்தாள். நெஞ்சுவரை வந்து நின்றுவிட்டது. திரும்ப வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"அண்ணா, ஒரு கை பிடியும்."

டேப்பைப் பையில் போட்டுவிட்டுப் போய் எதிர்விளிம்பைப் பிடித்தேன். நான் நினைத்ததைவிடக் கனம். இரண்டு பேரும் சேர்ந்து தூக்கினோம். முழங்கை வழியாகச் சட்டைக்குள் தண்ணீர் இறங்கியது. அவள் தலையைக் கொடுத்து, ஒரு முறை ஆட்டி, சருவத்தைச் சரியாக உட்கார வைத்துக்கொண்டாள்.

"இந்தக் கல்லு கொஞ்சம் உசரமா இருந்திருந்தா உம்மள விளிச்சிருக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டு மேட்டில் இறங்கினாள்.